பேரம் பேசாத ஞாயிற்றுக்கிழமை

ஜோதிலட்சுமி பேரம் பேசாமல் மீன் வாங்கியதைப் பள்ளிக்கரணையில் யாரும் பார்த்ததில்லை. வேளச்சேரி தாம்பரம் சாலையில், சதுப்பு நிலம் முடிந்து கடைகள் தொடங்குகிற இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் மூன்று மீன்காரிகள் உட்காருவார்கள். ஞாயிறு காலையில் ஜோதிலட்சுமி ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவளோடு மல்லுக்கு நிற்கிற தெம்பு முத்தாலம்மாளுக்கு மட்டும்தான் இருந்தது.

ஜோதிலட்சுமி ஒரு சங்கரா மீனைக் கையில் எடுப்பாள். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். வயிற்றை அமுக்குவாள்.

"ஐஸ்ல வச்சதுதானேக்கா?"

"ஐஸா? இப்பத்தான் எங்க வூட்டுக்காரு போட்லேர்ந்து எறக்கினாரு. இன்னும் கைய கடிக்குது பாரு."

"கடிக்கற மீனுக்குக் கண்ணு ஏன் உள்ள போயிருக்கு?"

"ஒன்னிய பாத்துட்டு பயந்துகினு கீது."

இப்படியே போகும். பாதி விலைக்குக் கேட்பாள், ஸ்கூட்டி வரைக்கும் போவாள், திரும்பி வருவாள். கடைசியில் இருவருமே தோற்றுப்போன முகத்தோடு ஒரு விலைக்கு வருவார்கள். அதற்கப்புறம் முத்தாலம்மாள் ஒரு கை காரப்பொடி மீனைச் சும்மா அள்ளிப் போடுவாள். மீன் கெட்டுப்போனால்கூட இருவருக்கும் பெரிதில்லை, சண்டை கெட்டால்தான் அன்றைய பொழுது சப்பென்றிருக்கும்.

முத்தாலம்மாளுக்கு ஊர் ஈஞ்சம்பாக்கம் தாண்டி ஒரு குப்பம். புருஷன் ரங்கன், சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். ஒரே மகள் வெண்ணிலா தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குச் செக்கிங் பார்க்கிறாள். கரையில் மீனை ஏலம் எடுத்து, அன்னக்கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் ஏரி, மேடவாக்கம் என்று சுற்றிக்கொண்டு முத்தாலம்மாள் மரத்தடிக்கு வருவாள். குப்பைமேட்டுப் புகை சதுப்பைத் தாண்டி வந்து கண்ணைக் கரிக்கும். அந்தப் புகையில் மீன் சீக்கிரம் கெடுகிறது என்பது அவளுடைய நெடுநாள் வழக்கு. கேட்பார்தான் இல்லை.

தூரம் நின்று வருஷங்கள் ஆன பிறகு அவளுக்குத் திரும்பவும் உதிரம் பட ஆரம்பித்தது. எல்லாப் பெண்களையும் போல அவளும் சூடு என்றாள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாள். பிறகு வாடையும் சேர்ந்தது. வேறொரு வீடாக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். மீன்காரி மேல் வருகிற வாடையை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? வெண்ணிலா ஒருநாள் துணி துவைக்கும்போது பார்த்துவிட்டு, வேலைக்கு லீவு போட்டு, தரதரவென்று இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பட்டணத்துக்குள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதித்து, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். வயிற்றுக்கு வெளியிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் கரண்ட் என்கிற கதிர்வீச்சு, அது முடிந்ததும் உள்ளே வைத்து ஒரு கரண்ட். நடுவில் விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

கரண்ட் அறை வாசல் பெஞ்சில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பம்மல்காரி அஜீசா. அவள் புருஷன் பக்கீர் முகமது தோல் பெல்ட் செய்து விற்கிறவர். அஜீசாவுக்கும் அதே வியாதி, அதே கரண்ட். இருவரும் சேர்ந்து நர்ஸ்களைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஜோதிலட்சுமி வந்து நின்றாள்.

"அக்கா, நீங்களா?"

"இன்னா ஜோதி, நீ டாக்டரா? சொல்லவே இல்ல. தெரிஞ்சிருந்தா வெலய ஏத்தியிருப்பேன்."

"டாக்டர் இல்லக்கா. ஆராய்ச்சி பண்றேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விளக்கினாள். "டெஸ்டுக்கு எடுத்த சதையில கொஞ்சம் மிச்சம் இருக்கு. புதுசா எதுவும் வெட்ட மாட்டோம். அதுல சில புரதம் இருக்கும். அது ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு நோய் எப்படிப் போகுது, கம்மியா இருக்கறவங்களுக்கு எப்படிப் போகுதுன்னு அஞ்சு வருஷம் பார்ப்போம். பின்னாடி வர்றவங்களுக்கு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு பார்க்கறோம்."

"இன்னான்னு சொல்லுவீங்க?"

ஜோதிலட்சுமி கையிலிருந்த பேனாவைத் திருகினாள். "யாருக்கு இந்த ட்ரீட்மென்ட் போதும், யாருக்கு இன்னும் ஜாஸ்தி தேவைன்னு."

அவள் தள்ளிப் போனதும் அஜீசா காதருகே குனிந்தாள். "யாரு பொழைப்பா, யாரு போயிடுவான்னு பாக்கறதுக்குக்கா. அதத்தான் அந்தப் பொண்ணு சுத்தி வளைச்சு சொல்லுது. குடுக்காதீங்க. எங்க தெருவுல ஒரு பொம்பளைக்கி வயித்துவலின்னு போயி கிட்னிய எடுத்துட்டாங்க."

"கிட்னி வேற, இது வேற அஜீசா. இவ நம்ம பொண்ணு. வாரா வாரம் என்னாண்ட சண்ட போடறவ. சண்ட போடறவ ஏமாத்த மாட்டா."

முத்தாலம்மாள் கைநாட்டு வைத்தாள். அஜீசா வைக்கவில்லை.

அதற்கப்புறம் மூன்றாவது ஞாயிறு ஜோதிலட்சுமி மரத்தடிக்கு வந்தாள். கரண்ட் வைத்துக்கொண்டிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் முத்தாலம்மாள் கூடையை விடவில்லை. ஒருநாள் உட்காராவிட்டால் இடம் போய்விடும். அன்று சங்கரா நன்றாகவே இருந்தது. ஜோதிலட்சுமி செவுளைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடி, "எவ்வளவுக்கா?" என்றாள்.

அடித்துக் குறைக்கப்போகிறாள் என்ற கணக்கில் முத்தாலம்மாள் இரண்டு மடங்கு சொன்னாள். ஜோதிலட்சுமி பர்சைத் திறந்து அப்படியே எடுத்து நீட்டினாள். மீனை வாங்கிக்கொண்டாள். உடம்பைப் பார்த்துக்கோங்க என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

பக்கத்துக் கூடைக்காரி, "இன்னாக்கா, ஒனக்கு யோகம் அடிச்சிச்சு" என்றாள். ரூபாய் இன்னும் முத்தாலம்மாள் கையிலேயே இருந்தது. இடுப்புப் பையில் போடக் கை வரவில்லை.

அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு வாங்குகிற எதற்கும் விலை பேசக்கூடாது. கோடித்துணி, பூ, பாடைக்கு மூங்கில், கருமாதி முடிந்து சமைக்கிற மீன் எதுவானாலும் சரி, விற்கிறவன் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட வேண்டும். பேசினால் அடுத்த சாவு அதே வீட்டில் விழும் என்பார்கள். மூங்கில் கடையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காசை நீட்டுகிற கையை முத்தாலம்மாள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தன் மாமனார் சாவுக்கு அவளே நீட்டியிருக்கிறாள். இன்றைக்கு நீண்ட கை அந்தக் கைதான்.

உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை அவள். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே முதல்நாள் மிச்ச மீனை முன்னால் அடுக்கினாள். கண் குழிந்து, செவுள் வெளுத்து, நாய்கூட யோசிக்கிற மீன். வாய் கூசுகிற விலையைச் சொன்னாள். ஜோதிலட்சுமி கொடுத்தாள். மீதிச் சில்லறையைக் கூட வாங்கவில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ரத்தம் ரொம்பக் குறைவு, ரத்தம் ஏற்றிக்கொண்டு, மாத்திரை சாப்பிட்டு ஒரு வாரம் கழித்து வா, அதுவரை கரண்ட் வேண்டாம் என்றார். சொல்லும்போது அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான், அவளுக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. கழித்துக் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்தாள். கரையில் வலையைக் கொட்டியதும் சந்தைக்குப் போவதை ஒரு பக்கமும், அதுவரை தாங்காததை ஒரு பக்கமும் தள்ளுவதில்லையா? தாங்காததற்கு ஐஸ் வீண். ஆஸ்பத்திரிக்காரன் மட்டும் என்ன, மிஷினை வீணாக ஓட்டுவானா?

ரத்தம் ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை.

ரங்கனுக்கு முதலில் சந்தோஷம்தான். கரண்ட் வைக்க ஆரம்பித்ததிலிருந்து சோற்றைக் கண்டாலே குமட்டல் என்று கஞ்சித் தண்ணியோடு கிடந்தவள், இப்போது வஞ்சிரத் தலையைக் கேட்டு வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். மாசி மாதம், வாடைக்காற்று அடங்கி, கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. நெத்திலி மூட்டை மூட்டையாக வந்தது. கையில் காசு, பெண்டாட்டிக்குப் பசி, ஆம்பளைக்கு இதைவிட என்ன வேண்டும்? காலையில் டிபன் கேரியரும் ஆஸ்பத்திரிப் பையுமாகக் கிளம்புவாள், சாயங்காலம் வருவாள். ஒருநாள் சோறு போடும்போது அவள் நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை அவன் பார்த்தான்.

"இன்னாமே, ஆஸ்பத்திரில உப்பு கொட்றாங்களா?"

"பஸ்ஸுல ஒருத்தி கருவாட்டு மூட்டைய என் மடிமேல வச்சிட்டா."

"கரண்ட்டு வச்சா குமட்டும்ன. இப்ப இல்லியா?"

"பழகிப்போச்சு. சாப்பிட்டா குத்தம், சாப்பிடலன்னாலும் குத்தமா?"

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் தட்டில் விழும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அஜீசா வந்தது ஒரு மத்தியானம். ஈசிஆர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் புர்காவோடு விசாரித்து விசாரித்து வந்து, வலை பின்னிக்கொண்டிருந்த ரங்கன் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"முத்தாலக்கா வீடு இதானேண்ணா?"

"ஆமாம்மா. அவ ஆஸ்பத்திரிக்கி போயிருக்கா."

அஜீசா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் அங்கேர்ந்துதான் வரேன்."

ரங்கன் ஊசியைக் கீழே வைத்தான்.

"ரத்தம் ஏத்திக்கிட்டுப் போனவங்க திரும்ப வரவே இல்லண்ணா. எனக்குக் கரண்ட் முடியப் போவுது. என்னோட ஆரம்பிச்சவங்க. அதான் என்ன ஆச்சோன்னு..." சொல்ல வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். "உடம்புக்கு முடியலயோன்னு பாக்க வந்தேன்."

"தெனம் போறாம்மா. பைய எடுத்துகினு போறா."

"எங்க போறாங்கன்னு பாருங்கண்ணா. அந்த ஆராய்ச்சிப் பொண்ணு என்னமோ சொல்லியிருக்கும். நான் அப்பவே குடுக்காதீங்கன்னு சொன்னேன்."

அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு ரங்கன் கரையோரமாகவே வடக்கே நடந்தான். உப்பு என்றால் அவனுக்கு ஒரே இடம்தான் தோன்றியது. அடுத்த குப்பத்தில் முத்தாலம்மாளின் அக்கா மாரி கருவாடு போடுகிறவள்.

மணலில் விரித்த வலைமேல் நெத்திலி வெள்ளி வெள்ளியாகக் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முத்தாலம்மாள் குத்த வைத்துப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாரியின் குடிசை ஓரம் மூட்டைகள். வஞ்சிரம் தனி, சுறா தனி, நெத்திலி தனி. புருஷனைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னாது இது?"

"பாத்தா தெரியலியா? கருவாடு."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். ஒரு வருஷத்துக்கு வரும். சுறாவ வெண்ணிலாவுக்கு வறுக்கத் தெரியாது, மாரியாண்ட சொல்லி வச்சிருக்கேன். நெத்திலிய அப்பப்ப வெயில்ல போடணும், இல்லாங்காட்டி புழு வச்சிடும்."

ரங்கன் அப்படியே மணலில் உட்கார்ந்தான்.

"நீ எங்க போற?"

"எங்க போவாங்க? போற எடத்துக்குத்தான்."

"டாக்டரு சொன்னாரா?"

"அவுங்க சொல்ல மாட்டாங்கய்யா. அவுங்க சொல்லாததுலேர்ந்து நாமதான் தெரிஞ்சிக்கணும். என் சதைய எடுத்தாங்க இல்ல? அதுல தெரிஞ்சிபோச்சு. அந்தப் பொண்ணு பேரம் பேசல."

"எந்தப் பொண்ணு?"

"ஸ்கூட்டிக்காரி ஜோதி. ரெண்டு வாரம். கெட்ட மீன வச்சி பாத்தேன், அப்பவும் பேசல. கேட்டத குடுத்துட்டு வாயத் தொறக்காம போவுது."

ரங்கன் சிரித்திருக்கலாம். போடி பைத்தியக்காரி என்று அதட்டியிருக்கலாம். படித்த மனுஷனாக இருந்தால் செய்திருப்பான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அவனும் அதே குப்பத்தில் பிறந்தவன்தானே. கையை நீட்டி ஒரு நெத்திலியைப் புரட்டிப் போட்டான். இன்னொன்றைப் போட்டான். இருட்டும் வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

வெண்ணிலாவுக்குத்தான் கோபம் வந்தது. வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் கைப்பையைச் சுவரோரம் வீசினாள்.

"பேரம் பேசலன்னு சாவறியா? நீயி கூமுட்டை, இந்த நைனா அதுக்கு மேல."

"ஒனக்குத் தெரியாதுடி."

"இன்னா தெரியாது? நடுவுல வுடக்கூடாதுன்னு சொன்னாங்களா இல்லியா? எத்தினி நாளு வுட்டிருக்க?"

"பொழைக்கறவளுக்கு சொன்னது அது."

"அத யாரு சொன்னா?"

"அவ கை சொல்லிச்சு."

வெண்ணிலா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் கம்பெனிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆராய்ச்சி அறை எங்கே என்று கேட்டு, மாடியில் ஒரு மூலையில் ஜோதிலட்சுமியைப் பிடித்தாள். மருந்து நெடியும் ஏசிக் குளிருமான சின்ன அறை. உள்ளே நுழைந்ததும் நேராகக் கேட்டாள்.

"எங்கம்மா செத்துடுவாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

பேரம் பேசாததை வெண்ணிலா சொல்லி, ஜோதிலட்சுமிக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். விலை பேசாதது இவ்வளவு பெரிய விஷயமா என்று அவள் கேட்கவில்லை. வேறொன்றைச் சொன்னாள்.

"யாரோடதுன்னு தெரியாமத்தான் இதைப் பார்க்கணும். நம்பர்தான் இருக்கும். அக்காவோட நம்பரை நானே எழுதினேன், மறக்க முடியல. ஸ்லைடு கண்ணாடியில அந்த நம்பர் வந்தப்போ தள்ளி வச்சிருக்கணும். வைக்கல."

"இன்னா தெரிஞ்சிச்சு?"

ஜோதிலட்சுமி மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். அதில் இருப்பது வேறு யாருடைய சதையோ என்றாள். வெண்ணிலா குனிந்து பார்த்தாள். நீலப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி டீ கொட்டிய சட்டை மாதிரி பழுப்பு. இப்படி ஒரு சட்டை வந்தால் அவள் ஒதுக்கித்தான் போடுவாள்.

"அந்தப் புரதம் இருக்கற இடத்துல பழுப்பாகும். அம்மாவோடது அடர்த்தியா இருந்துச்சு. அதனால என்ன ஆகும்னு எனக்கு உறுதியாத் தெரியாது, நிஜமா. ஆனா பார்த்ததுக்கப்புறம் அவங்க முன்னாடி நின்னு விலை குறைக்க வாய் வரல."

"வாய் வரலயா? நீ பாத்துட்டு மூஞ்சிய தொங்கப்போட்டுகினு போயிட்ட. அங்க எங்கம்மா எங்களுக்குக் கருவாடு போட்டுகினு கீது." வெண்ணிலா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வர. எப்பவும் மாதிரி பேசற. அவ்ளோதான்."

ஞாயிறு வந்தது. குப்பைமேடு எரிந்துகொண்டிருந்தது, சாலை எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்குப் புகை. ரங்கன் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு டீக்கடையில் நின்றான். வெண்ணிலா அம்மாவுக்குப் பின்னால் மரத்தில் சாய்ந்து நின்றாள். முத்தாலம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைச் சுற்றி ஏதோ நடக்கிறது என்று அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது.

ஜோதிலட்சுமி வந்தாள். ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கினாள். "இது நேத்து மீன். பாதிதான் தருவேன்" என்றாள். மனப்பாடம் செய்தாற்போல வந்தது.

"கீழ வை" என்றாள் முத்தாலம்மாள்.

"ஏன்க்கா, விலை கட்டலயா?"

"வெண்ணிலா சொல்லி அனுப்ச்சாளா? இந்த நடிப்பெல்லாம் என்னாண்ட வேணாம். கூடைல கெட்டுப்போனத மேல தண்ணி தெளிச்சி விக்கறவ நான். நீ யாருக்குத் தெளிக்கற?"

ஜோதிலட்சுமி மீனைக் கூடையில் வைத்தாள். மண்ணில், கூடைக்கு எதிரே, அப்படியே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தும் யாரும் பார்த்ததில்லை.

"என் செவுள நீ தூக்கிப் பாத்துட்ட. இல்ல?"

"பார்த்தேன்க்கா. பார்த்திருக்கக் கூடாது."

"நெறம் எப்பிடி?"

"அடர்த்தி."

டீக்கடையில் ரங்கன் திரும்பி நின்றுகொண்டான். முத்தாலம்மாள் தலையை ஆட்டினாள். தெரிந்த விஷயத்தை ஒருவர் ஒப்புக்கொண்டதில் அவளுக்கு ஏனோ கொஞ்சம் இளைப்பாறலாக இருந்தது.

"அப்பிடி இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்களா?"

"இல்லக்கா. அதுதான் தெரியாது. அடர்த்தியா இருந்தா நோய் திரும்ப வருதுன்னு சில பேர் எழுதியிருக்காங்க, அப்படி ஒண்ணும் இல்லைன்னும் எழுதியிருக்காங்க. எது சரின்னு பார்க்கத்தான் உங்ககிட்ட எல்லாம் கேட்டு வாங்கினோம். அது மட்டுமில்ல, டாக்டருக்கு இது எதுவும் தெரியாது. ரத்தம் கம்மி, அதனாலதான் ஒரு வாரம் நிறுத்தினார். நீங்க ஏன் வரலன்னு அவர் கேட்டுக்கிட்டு இருக்கார்."

"கழிச்சி கட்லியா என்ன?"

"யாரும் கட்டல."

"அப்ப என்னோடத வச்சி இன்னா எழுதுவ?"

ஜோதிலட்சுமி தயங்கினாள். பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். "நீங்க இப்படியே விட்டுட்டா ஒண்ணும் எழுத மாட்டேன். கரண்ட் முழுசா வச்சவங்களத்தான் கணக்குல எடுப்போம். பாதியில விட்டவங்களை எடுத்து வெளிய போட்டுடுவோம். நீங்க போனாலும் அந்த நிறத்தால போனீங்களா, கரண்ட் வைக்காததால போனீங்களான்னு எங்களுக்குத் தெரியாது."

"வெளிய போட்டுடுவியா?"

"ஆமாம்க்கா."

"நான் கைநாட்டு வச்சி குடுத்தத?"

"ஆமாம்."

முத்தாலம்மாளின் மூக்கு விடைத்தது. வெண்ணிலாவுக்கு அந்த மூக்கு தெரியும். ஏலத்தில் எவனாவது தன்னைத் தாண்டிக் கேட்கும்போது விடைக்கிற மூக்கு.

"முழுசா வச்சிகினு, நான் பொழைச்சி கெடந்தா?"

"அந்த நிறத்தை நம்பினவங்க கணக்கு தப்பாயிடும்."

"ஒன் கணக்கும்?"

"என் கணக்கும்தான்."

"சொல்லு, தப்பாவறது ஒனக்கு நஷ்டமா?"

ஜோதிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லக்கா. தப்பாகட்டும்."

முத்தாலம்மாளுக்குப் பயம் போகவில்லை. அடர்த்தி என்கிற வார்த்தை அடிவயிற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டது, அது எங்கேயும் போகப்போவதில்லை. ஆனால் தெரிந்துவிட்டது என்று நினைத்தது வேறு, தெரியாது என்பது வேறு. தெரியாததோடு அவள் புருஷன் தினமும் விடிகாலையில் படகைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

கூடையிலிருந்து அந்தச் சங்கராவை எடுத்து ஜோதிலட்சுமியின் மடியருகே நீட்டினாள். ஒரு விலை சொன்னாள். அநியாய விலை. பக்கத்துக் கூடைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

ஜோதிலட்சுமியின் கை அந்த இரண்டு ஞாயிறுகளைப் போலவே பர்சுக்குப் போயிற்று.

"பர்ஸ மூடு" என்றாள் முத்தாலம்மாள். "பேசு."

"அக்கா..."

"பேசுடி. பேசாம வாங்கினு போனா இந்த மரத்தாண்ட இனிமே காலெடுத்து வைக்காத."

ஜோதிலட்சுமி மீனை வாங்கினாள். செவுளைத் தூக்கினாள். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தாள். "கலர் சரியில்ல" என்றாள்.

"கலர பாத்து சொல்ற லட்சணம்தான் தெரிஞ்சிபோச்சே. வெலய சொல்லு."

ஜோதிலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாதிக்கும் பாதி சொன்னாள்.

"அட கஸ்மாலம். அந்த வெலைக்கி ஒங்க ஆஸ்பத்திரில போயி கேளு மீனு."

"கேக்கறேன். நாளைக்குக் காலையில. யாரு வந்து குடுப்பா?"

ரங்கன் டீ கிளாஸைப் பிடித்தபடி அப்படியே நின்றான். முத்தாலம்மாள் அரிவாள்மனையைக் காலுக்கடியில் இழுத்துப் போட்டு, அவள் கையிலிருந்த மீனைப் பிடுங்கி, விலை முடியாமலே செதிலைச் சீவ ஆரம்பித்தாள்.

"வரேன். கருவாடும் எடுத்தாரேன், மூட்ட மூட்டையா கெடக்குது. அஜீசாவுக்கு சும்மா. ஒனக்கு வெலதான்."